பருத்திப்பால் பொடியில் ‘ஜி.எம். இல்லாதது’: மதுரை இயற்கை அங்காடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை வடக்கில் உள்ள ஓர் இயற்கை அங்காடியில் விற்ற பருத்திப்பால் பொடியைப் பற்றியது இந்த ஆய்வு. ‘ஜி.எம். இல்லாதது’, அதாவது மரபணு மாற்றம் செய்யாதது, என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்த வரி உண்மைதானா என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அங்காடியிலிருந்து பொடி தயாரித்த மகளிர் குழுவுக்கும், அங்கிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்கும் போய்ச் சேர்ந்தது. சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்கு உரிமம், லேபிள் வேலைகளில் உதவி வருவதால் விவகாரம் என்னிடம் வந்தது. சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒத்துழைத்தார்கள். ஒருவர் பெயரையும் இங்கே எழுதவில்லை.

ஏமாற்றும் எண்ணம் இவர்களில் யாரிடமும் இருக்கவில்லை. இதை விரிவாக எழுதக் காரணமே அதுதான். நல்லெண்ணத்தோடு நடத்தும் கடையிலேயே இப்படி நடக்கிறது என்றால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பொட்டலமும் கேள்வியும்

பொடியில் இருந்தவை: வறுத்து அரைத்துச் சலித்த பருத்திக்கொட்டை மாவு, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய். பொட்டலத்தின் முகப்பில் “100% இயற்கை. ரசாயனம் இல்லை. ஜி.எம். இல்லாதது” என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பின்புறம் உணவுப் பாதுகாப்பு உரிம எண் முறையாக இருந்தது. ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரை இல்லை, விவசாயிகளே குழுவாகச் சரிபார்த்துத் தரும் பி.ஜி.எஸ். சான்றும் இல்லை.

கேட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. பேரையூர்ப் பக்கம் சொந்த ஊர், வீட்டில் இன்றும் பருத்தி போடுகிறார்கள்.

“ஏந்தம்பி, இதுல அரைச்சுப் போட்டுருக்க கொட்டை எந்த ஊருக் கொட்டை?”

“நம்ம பக்கத்துக் கொட்டைதான் டீச்சரம்மா.”

“நம்ம பக்கத்துக் கொட்டைன்னா பி.டி. கொட்டைதான? இப்ப வேற என்ன பருத்தி போடுறாக? எங்க வீட்லயே அதத்தான் போட்டுருக்கோம்.”

கடைக்காரரிடம் பதில் இல்லை. பொட்டலங்களை உடனே அடுக்கிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் எடுத்த முதல் முடிவே சரியானது என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

ஆசிரியையின் கேள்வியில் இருந்த கணக்கு மிக எளிது. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்ற ஒரே மரபணு மாற்றப் பயிர், காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்துக்கான பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பி.டி. பருத்தி. 2002 மார்ச்சில் அனுமதி வந்தது. இரண்டு மரபணு கொண்ட போல்கார்டு-2 ரகம் 2006-இல் வந்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி. வீரிய ஒட்டு ரகங்கள்தான். பஞ்சு நூற்பாலைக்குப் போகிறது. கொட்டை எங்கே போகிறது? பெரும்பகுதி எண்ணெய்க்கும், பிண்ணாக்குக்கும், மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. மதுரையில் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, அரிசி மாவோடு காய்ச்சி, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்து நேரடியாகக் குடிக்கிறோம். பி.டி. மரபணு இருக்கும் விதையை முழு உணவாகவே உட்கொள்ளும் பழக்கம் நாட்டில் வேறு எத்தனை ஊர்களில் இருக்கும்? மரபணு மாற்ற உணவு பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசப்படுகிறது. தள்ளுவண்டியில் செம்புப் பானையோடு நிற்கும் பருத்திப்பாலை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

அதே கடையில், காய்கறிக் கூடைகளுக்கு மேல் “ஜி.எம். இல்லாத தக்காளி”, “ஜி.எம். இல்லாத கத்தரி”, “ஜி.எம். இல்லாத அரிசி” என்று பலகைகள் தொங்கின. இந்தியாவில் மரபணு மாற்றத் தக்காளிக்கோ நெல்லுக்கோ சாகுபடி அனுமதி கிடையாது. அண்ணாநகர் உழவர் சந்தையில் கூறு கட்டி விற்கும் எந்தத் தக்காளிக்கும் அந்தப் பலகை பொருந்தும். காய் பெரிதாக இருந்தாலோ, விதை இல்லாமல் இருந்தாலோ “மரபணு மாத்துனது” என்று சந்தேகப்படும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவை பெரும்பாலும் சாதாரண ஒட்டு ரகங்கள். பலகை அந்தச் சந்தேகத்தை வளர்த்ததே தவிரத் தெளிவு எதையும் தரவில்லை. கடை முழுவதும் உண்மையாகவே கேள்வி எழவேண்டிய சரக்கு பருத்திக்கொட்டை ஒன்றுதான். அதில் எழுதியிருந்ததுதான் தவறு.

கத்தரிக்காய் விஷயத்தில் மட்டும் ஒரு வரலாறு சொல்ல வேண்டும். பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பி.டி. மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரகங்களில் எம்.டி.யு. 1-உம் ஒன்று. மதுரையின் பெயரைத் தாங்கிய, நம் பக்கத்துக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. அந்தத் தடை வந்திராவிட்டால் கத்தரிக் கூடைப் பலகைக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

மூட்டை வந்த வழி

பொடி தயாரித்தது திருமங்கலம் பக்கத்து மகளிர் குழு. குழுத் தலைவி அக்காவிடம் கொட்டை வாங்கிய ரசீதுகள் இருந்தன. இது பெரிய விஷயம். பல சிறு குழுக்களில் துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. ரசீதுகள் கீழமாசி வீதி வட்டாரத்து மண்டி ஒன்றைக் காட்டின. மண்டி அண்ணாச்சி ஒளிவுமறைவின்றிப் பேசினார்.

“மாட்டுக்குப் போற கொட்டைதான் தம்பி, பருத்திப்பாலுக்கும் போகுது. தூசி தும்பு இல்லாம சலிச்சுக் குடுங்கன்னு அந்தம்மா கேப்பாக, குடுப்போம். இது பி.டி.யா இல்லையான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

அவருக்கு மூட்டை விருதுநகர், ராஜபாளையம் பக்கத்து ஜின்னிங் மில்களிலிருந்து வருகிறது. வரத்துக் குறையும் மாதங்களில் கர்நாடகம், தெலங்கானாக் கொட்டையும் வரும். மில்லில் பல ஊர், பல நூறு விவசாயிகளின் பருத்தி ஒரே குவியலாக அரைபடுகிறது. பஞ்சுக்குத் தரம் பிரிப்பார்கள். கொட்டைக்கு ரகம் பிரித்து வைக்கும் வழக்கம் கிடையாது. பருத்தி எங்கே விளைந்தது, என்ன ரகம் என்ற தகவல் அந்த இடத்தோடு அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மண்டியிலோ குழுவிலோ கடையிலோ யார் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அதை மீட்க முடியாது.

“ஜி.எம். இல்லாதது” என்ற வரி எப்படி வந்தது என்று விசாரித்தேன். அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த, வேறொரு சிறுதானியப் பொட்டலத்துக்கான வடிவமைப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கம்புக்கும் சாமைக்கும் பொருந்திய வரி, பருத்திக்கொட்டை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

சோதனையும் ஒற்றைக் கோடுகளும்

ரசீது காட்டியதே போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் குழுவினர் கண்ணால் பார்க்க விரும்பினார்கள். விதை வணிகத்திலும் வயலிலும் பி.டி. இருப்பதை அறியப் பயன்படும் பட்டைச் சோதனை உண்டு. நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனமே இப்படிப்பட்ட சோதனைப் பெட்டிகளை உருவாக்கியிருக்கிறது. விதையை நசுக்கி, கரைசலில் கலக்கி, பட்டையை அதில் நிறுத்தினால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு கோடு மட்டும் வந்தால் பி.டி. புரதம் இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது.

வறுத்த மாவில் முதலில் முயன்றார்கள். ஒற்றைக் கோடுதான் வந்தது. குழுவில் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைக் கலைக்க வேண்டியதாயிற்று. பட்டை தேடுவது கிரை1ஏசி என்ற புரதத்தை. வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் புரதம் தன் வடிவத்தை இழந்துவிடும். பிறகு பட்டைக்கு அது பிடிபடாது. மாவிலோ காய்ச்சிய பருத்திப்பாலிலோ இந்தச் சோதனையைச் செய்து “இல்லை” என்று சொல்வது செல்லாது. அங்கே ஆய்வகத்தில் பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வைத் தேட வேண்டும். பச்சைக் கொட்டையில் மட்டுமே பட்டையை நம்பலாம்.

பச்சைக் கொட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இரண்டு கோடு வந்தது. சிலவற்றில் ஒன்றுதான். உடனே ஒரு தங்கச்சி, “அப்ப இதுல நாட்டுக் கொட்டையும் கலந்திருக்குல்ல?” என்றார். இது நியாயமான ஊகம், ஆனால் பிழையானது. காரணம் பி.டி. பருத்தி விதைக்கப்படும் முறையிலேயே இருக்கிறது.

இந்திய விவசாயி வாங்கி விதைப்பது முதல் தலைமுறை வீரிய ஒட்டு விதை. அதில் பி.டி. மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருக்கும். அந்தச் செடியின் காய்க்குள் விளையும் கொட்டை அடுத்த தலைமுறை. பள்ளியில் படித்த மெண்டல் கணக்குப்படி, நான்கில் மூன்று கொட்டைக்குத்தான் ஒரு குறிப்பிட்ட மரபணு போய்ச் சேரும். ஆக முழுக்க முழுக்கப் பி.டி. பருத்தி விதைத்த வயலின் கொட்டையிலும், கிரை1ஏசி பட்டையில் நான்கில் ஒன்று ஒற்றைக் கோடுதான் காட்டும். போல்கார்டு-2 என்றால் கிரை2ஏபி என்ற இரண்டாவது மரபணுவும் தனியே பிரிந்து போகிறது. இரண்டில் ஏதாவது ஒன்றாவது இருக்கும் கொட்டை 16-இல் 15. ஒரு பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் கோட்டுக் கொட்டையைப் பொறுக்கி எடுத்து “ஜி.எம். இல்லை” என்று சொல்லவே முடியாது. குழுவின் மூட்டை, கணக்கு சொல்வதைப் போலவே நடந்துகொண்டது.

இன்னொரு கணக்கையும் அன்று பேசினோம். ஒரு குவியலில் ஜி.எம். கொட்டை 1 சதவீதத்துக்கும் கீழே என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால், குவியலின் பல இடங்களிலிருந்தும் எடுத்த சுமார் 300 கொட்டையில் ஒன்றிலும் அது இருக்கக்கூடாது. மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் அந்த நம்பிக்கை வராது.

சட்டம் எதைப் பார்க்கிறது

இந்த இடத்தில் சட்டத்தைப் படிப்பவர்கள் திகைத்துப்போவது இயல்பு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 22-ஆவது பிரிவு, விதிமுறைகள் அனுமதித்தால் தவிர மரபணு மாற்ற உணவைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. அந்த விதிமுறைக்கான வரைவுகள் 2021-இலும் 2022-இலும் வெளியாயின; 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் அளவுகோல். இன்னொரு பக்கம், எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகளில் செய்த திருத்தப்படி 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்ற உணவுள்ள பொட்டலத்தின் முகப்பில் மேலே ‘ஜி.எம்.’ என்ற எழுத்துகள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். உங்கள் சமையலறையில் அப்படி எழுதிய ஒரு பொட்டலத்தைக் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018-இல் 65 உணவு மாதிரிகளைச் சோதித்தபோது 32 சதவீதத்தில் மரபணு மாற்றம் தென்பட்டது. உள்நாட்டுத் தயாரிப்புகளில் பிடிபட்டது பருத்தி விதை எண்ணெய்.

இவை எல்லாமே பொட்டலத்தைப் பார்த்து எழுதிய விதிகள். டம்ளரில் ஊற்றித் தரும் பருத்திப்பாலுக்கு லேபிள் கிடையாது. அதே கொட்டையைப் பொடியாக்கிப் பையில் அடைத்த மகளிர் குழு மட்டும் சட்டத்தின் கண்ணில் படுகிறது. வண்டிக்காரர்மீது விதியைத் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மில்லிலிருந்து வெளியேறும் கொட்டை மூட்டையில் என்ன ரகம் என்று எழுதும் கடமை வந்தால், மண்டியும் குழுவும் வண்டியும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடமையைத் தாங்கக்கூடிய இடம் அதுதான்.

‘இயற்கை’ பக்கமும் தெளிவாக வேண்டும். அங்கக (ஆர்கானிக்) உணவு விதிமுறைகள் 2017-இல் வந்து, 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒன்று ஏற்றுமதிக்கும் பொருந்தும், தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் (என்.பி.ஓ.பி.) சான்று, அல்லது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். சான்று, இரண்டில் ஒன்று வேண்டும். இரண்டுமே மரபணு மாற்ற விதையைத் தடை செய்கின்றன. தாம் விளைவித்ததைத் தாமே நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சலுகை உண்டு. மண்டியில் வாங்கிய கொட்டைக்கு அந்தச் சலுகை எப்படியும் பொருந்தாது. மேலும், விளம்பரங்கள் பற்றிய 2018 விதிமுறைப்படி, பல பொருள்கள் சேர்ந்த கலவையை அப்படியே ‘இயற்கை’ என்று அழைக்கக் கூடாது. பொட்டலத்தின் மூன்று வரிகளில் முதலாவதும் மூன்றாவதும் நிற்கவில்லை. இரண்டாவதற்கு, அதாவது ரசாயனம் இல்லை என்பதற்கு, ஆதாரமே கிடையாது. பி.டி. பருத்திக்கும் சாறுண்ணும் பூச்சிகளுக்காக மருந்தடிக்கிறார்கள்.

உடம்புக்குக் கெடுதலா?

கடையில் நின்ற எல்லோரும் கேட்டது இதைத்தான். பி.டி. புரதம் காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில், அதற்கென உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. மனித வயிற்றில் அந்தச் சூழல் இல்லை. காய்ச்சும்போது புரதமும் சிதைகிறது. பருத்திப்பால் குடித்தவர்கள் பயப்பட இதில் காரணம் இல்லை என்பதே என் முடிவு. எனக்குக் கவலை வேறு இரண்டு விஷயங்களில்.

முதலாவது, விதைப்புக்கு வரும் கொட்டை. அதில் இமிடாகுளோபிரிட், திரம் போன்ற மருந்தும் சாயமும் பூசியிருப்பார்கள். பாக்கெட்டில் மிஞ்சிய சாயமேறிய விதையைக் கழுவி ஆட்டிவிடலாம் என்று எந்த வீட்டிலும் நினைக்கக் கூடாது. இரண்டாவது, பருத்திக்கொட்டையில் இயல்பாகவே உள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருள். அது பி.டி.யிலும் நாட்டுப் பருத்தியிலும் இருக்கிறது. நன்றாகச் சூடேறினால்தான் அதன் வீரியம் குறையும். பாட்டிமார் பருத்திப்பாலைக் கொதிக்கக் கொதிக்கக் கிண்டியதற்குப் பலன் இருக்கிறது. அரைவேக்காட்டுப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லும் பொட்டலங்களை நான் ஏற்கவில்லை. மரபணு முறையிலேயே காசிப்பாலைக் குறைத்த பருத்தியை டெக்சாஸில் கீர்த்தி ரத்தோர் குழுவினர் உருவாக்கி, 2019-இல் அமெரிக்க உணவுத் துறையின் ஒப்புதலும் பெற்றிருக்கிறார்கள். மரபணு மாற்றம் என்றாலே ஆபத்து என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

அப்படியானால் லேபிளில் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? ஒருவர் இந்த விதையை வேண்டாம் என்று சொல்ல உடல்நலம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. விதைக்கு ஒவ்வோர் ஆண்டும் கம்பெனியை நம்பி நிற்பதை விரும்பாதவர் இருக்கிறார். இளஞ்சிவப்புக் காய்ப்புழு போல்கார்டு-2-க்கும் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதைத் தன் வயலில் பார்த்தவர் இருக்கிறார். இயற்கை அங்காடிக்கு வந்து கூடுதல் விலை கொடுப்பவர் அந்த விருப்பத்துக்காகவும் சேர்த்தே கொடுக்கிறார். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு கொட்டையைக் கொடுத்தால் அது அநீதி.

செய்தவை

கையிருப்புப் பொட்டலங்களில் மூன்று வரிகளின் மேலும் ஒட்டுத்தாள் ஒட்டி, சாதாரண விலைக்கு இறக்கி, “மண்டிக் கொட்டை; பி.டி. பருத்தியாக இருக்கும்” என்று எழுதி விற்றார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களில் கேட்டவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. கேட்டவர்கள் குறைவு. காய்கறிப் பலகைகளும் இறங்கின.

அதன்பின் சிலர் மாட்டுப்பால் பற்றிக் கேட்டார்கள். பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் பாலில் அந்த மரபணுவின் புரதம் வருவதில்லை. ஐரோப்பாவிலும் இதற்கு ஜி.எம். லேபிள் கட்டாயமில்லை. ஆனால் அங்ககச் சான்று பெற்ற பால் என்று விற்றால் தீவனத்திலும் ஜி.எம். கூடாது. மிக்சர், முறுக்கு பொரித்த எண்ணெய் பற்றிய கேள்வி இன்னும் கடினம். சுத்திகரித்த எண்ணெயில் டி.என்.ஏ.வும் புரதமும் அநேகமாக எஞ்சுவதில்லை, சோதனை எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. ஐரோப்பிய விதி, சோதனையில் தெரிகிறதோ இல்லையோ, எந்த விதையிலிருந்து வந்தது என்பதை வைத்தே லேபிள் கேட்கிறது. அப்படிக் கேட்க விதையிலிருந்து வாணலி வரை காகிதம் தொடர வேண்டும்.

கருங்கண்ணி

குழு தயாரிப்பை நிறுத்த விரும்பவில்லை. மாற்று, கரிசல் காட்டிலேயே இருந்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களில் மானாவாரியாக இன்னும் கொஞ்சம் பேர் போடும் கருங்கண்ணிப் பருத்தி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் தந்த கே. 11, கே. 12 ரகங்கள் இந்த இனம். இது நம் மண்ணின் பழைய பருத்தி இனம். 26 குரோமோசோம் கொண்டது. பி.டி. ரகங்கள் அமெரிக்கப் பருத்தி இனத்தவை, அவற்றுக்கு 52. பக்கத்து வயலிலிருந்து மகரந்தம் வந்தாலும் இரண்டும் இயல்பாகக் கலந்து விதை பிடிப்பது அரிது. எல்.ஆர்.ஏ. 5166, சுரபி போன்ற பி.டி. அல்லாத ரகங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கலப்பு நேரத் தேனீ கொண்டுவரும் மகரந்தம் போதும். ஆகவே கருங்கண்ணியில் கலப்பு நேர்ந்தால் அது சாக்கிலோ மில்லிலோ நேர்வதாகத்தான் இருக்கும். இரண்டையும் கண்காணிக்க முடியும்.

கருங்கண்ணி குட்டை இழை. மில்காரர்கள் விலை குறைத்தே கேட்பார்கள். விவசாயிகள் கைவிட்டதற்கு அது முக்கியக் காரணம். கொட்டைக்குத் தனி விலை கிடைத்தால் கணக்கு மாறும் என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்த செய்தி. குழு, சில விவசாயிகளிடம் பருத்தியாகவே வாங்கிக்கொள்ளப் பேசியது. சிறிய ஜின்னிங் மில் ஒன்று, காலையில் இயந்திரத்தைக் கூட்டித் துடைத்து, முதலில் விழும் கொட்டையைத் தீவனத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதன்பின் வருவதைத் தனிச் சாக்கில் கட்டித் தரச் சம்மதித்தது. சாக்கு புதியது, விவசாயி பெயர், ஊர், அரைத்த தேதி எழுதிய அட்டை உள்ளேயும் வெளியேயும். ஒவ்வொரு சாக்கின் மேல், நடு, அடியிலிருந்து கொட்டை எடுத்து, சிறு சிறு கூறாக நசுக்கி, இரண்டு புரதத்துக்கும் பட்டைச் சோதனை. முதல் வரத்தில் எல்லாக் கூறும் ஒற்றைக் கோடு காட்டின.

விலை ஏறியிருக்கிறது. அங்காடியில் பாதிப் பேர் மண்டிக் கொட்டைப் பொடியையே வாங்குகிறார்கள், என்ன கொட்டை என்று தெரிந்தே. அதில் தவறேதும் இல்லை. கருங்கண்ணி விவசாயிகள் பி.ஜி.எஸ். குழுவாகப் பதிய விண்ணப்பித்திருக்கிறார்கள். சான்று கைக்கு வரும்வரை புதிய பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ என்ற சொல் வராது. இப்போது அதில் அச்சாகியிருப்பது: “கருங்கண்ணிப் பருத்திக்கொட்டை. விளைந்த ஊர், அரைத்த தேதி கீழே. பச்சைக் கொட்டையில் பி.டி. புரதச் சோதனை செய்யப்பட்டது. நன்கு கொதிக்கவைத்துக் குடிக்கவும்.”